பெண்கள் ஹாக்கி லீக் - 12 வருடம் லேட்!

2025 டிசம்பர் 2. மதுரை ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். ஸ்டேடியத்தில் ஜூனியர் ஆண்கள் உலகக்கோப்பை ஹாக்கி. சுவிட்சர்லாந்தை 5-0 என்று இந்தியா சுருட்டி அனுப்பியது. இந்த உலகக்கோப்பைக்காகத்தான் மதுரைக்கு சர்வதேசத் தரத்தில் செயற்கைப் புல்தரையே வந்தது. கபடிக்கும் ஜல்லிக்கட்டுக்கும் பேர் போன ஊருக்கு ஹாக்கி வந்தது நல்ல விஷயம்தான். ஆனால் அது ஆண்கள் ஹாக்கி. பெண்கள் ஹாக்கி கதை என்ன?

மாஸ்கோ 1980 என்றதும் நம் ஆட்களுக்கு நினைவு வருவது, தமிழ்நாட்டு வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் வாங்கிய தங்கம். அதே மாஸ்கோவில்தான் பெண்கள் ஹாக்கியும் முதல்முறையாக ஒலிம்பிக்ஸில் நுழைந்தது. மொத்தம் ஆறே அணிகள். நம் பெண்கள் ஆஸ்திரியாவையும் போலந்தையும் தோற்கடித்தார்கள். தங்கம் வாங்கிய ஜிம்பாப்வேயுடன் 1-1 டிரா! கடைசியில் நாலாவது இடம். மறுபடி ஒலிம்பிக்ஸ் போக 36 வருடம் ஆனது (2016, ரியோ). நடுவில் 2002 காமன்வெல்த் தங்கம். 'சக் தே இந்தியா' படத்துக்குத் தூண்டுதலே அதுதான். படத்தில் ஷாருக்கான் ஞாபகம் இருக்கும். நிஜ அணியின் கேப்டன் சூரஜ் லதா தேவி பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

இத்தனை வருடமும் ஒரு ஹாக்கி வீராங்கனைக்கு வருமானம் என்றால் அரசு வேலைதான், முக்கியமாக ரயில்வே. ஹாக்கி இந்தியா லீக் 2013ல் ஆரம்பித்தபோது அது ஆண்களுக்கு மட்டும். 2017க்குப் பிறகு அதுவும் நின்றுபோனது. திரும்ப ஆரம்பித்தபோதுதான், 2025 ஜனவரியில், பெண்களுக்கும் லீக் வந்தது. ஆறு அணிகள் என்று சொன்னார்கள், வந்தது நாலு: ஒடிசா வாரியர்ஸ், சூர்மா, டெல்லி எஸ்.ஜி. பைப்பர்ஸ், பெங்கால் டைகர்ஸ்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். ஏலத்தில் ஆண்கள் அணிக்கு 4 கோடி, பெண்கள் அணிக்கு 2 கோடி. இரண்டுமே 24 பேர் கொண்ட அணி. ஆக முழுப் பணத்தையும் செலவழித்தாலும் ஒரு வீராங்கனைக்குச் சராசரி 8.3 லட்சம். ஆண்களில் அதிக விலை ஹர்மன்பிரீத் சிங், 78 லட்சம். பெண்களில் உதிதா, 32 லட்சம். பாதிகூட இல்லை! ஆனாலும், முன்பு லீக் பணம் என்று ஒரு பைசா இல்லாத இடத்தில் இது பெரிய தொகை என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

போட்டிகள் எல்லாம் ராஞ்சியில். 1928 ஒலிம்பிக்ஸ் கேப்டன் ஜெய்பால் சிங் முண்டா பெயரில் உள்ள மைதானம். இந்த மைதானத்துக்கு ஒரு சோகமும் உண்டு. 2024 ஜனவரியில் இங்கேதான் ஜப்பானிடம் 0-1 என்று தோற்று, பாரிஸ் ஒலிம்பிக்ஸ் வாய்ப்பை இந்தியப் பெண்கள் இழந்தார்கள். அப்போதைய கோச் நெதர்லாந்தின் யான்னெகே ஸ்கோப்மன். அடுத்த மாதம், இங்கே தனக்கு உரிய மதிப்பு கிடைக்கவில்லை என்று வெளிப்படையாகப் பேசிவிட்டு ராஜினாமா செய்தார்.

அவர்தான் ஒரே வருடத்தில் ஒடிசா வாரியர்ஸ் கோச்சாக அதே மைதானத்துக்கு வந்து நின்றார். 2025 ஜனவரி 26, ஃபைனல். எதிரே சூர்மா. ருதுஜா பிசல் முதல் கோல் போட, பென்னி ஸ்குவிப் சமன் செய்தார். 1-1. ஆட்டம் முடிய நாலு நிமிடம் இருக்கும்போது ருதுஜாவே இன்னொன்று போட்டார். 2-1. முதல் பெண்கள் லீக் கோப்பை ஒடிசாவுக்கு!

இவ்வளவு செய்தும் அடுத்த சீசனில் ஒடிசா வாரியர்ஸ் என்ற பெயர் பட்டியலில் இல்லை. சாம்பியன் அணிக்கே இந்தக் கதி. நாலாவது அணியாக ராஞ்சி ராயல்ஸ் இருந்தது. அந்தக் கோப்பை டெல்லிக்குப் போனது.

தமிழ்நாட்டுக்கு இந்த லீக்கில் 'டிராகன்ஸ்' அணி உண்டு, ஆண்களுக்கு. இரண்டு சீசனிலும் பெண்கள் அணி இல்லை. காசு போட ஒரு முதலாளி வந்தால்தான் அணி; மைதானம் மட்டும் இருந்து பிரயோஜனமில்லை. மதுரையில் இப்போது புல்தரை இருக்கிறது. நூறு கிலோமீட்டர் தெற்கே, மாரீஸ்வரன் சக்திவேல் மாதிரி ஆட்களை இந்திய அணிக்கு அனுப்பிய கோவில்பட்டியிலும் இருக்கிறது. அந்தத் தரையில் ஓடிப் பழகும் ஒரு பெண், லீக்கில் ஆட வேண்டுமானால் இன்றைக்கு வடக்கே உள்ள ஏதாவது ஒரு அணி அவளை ஏலத்தில் எடுக்க வேண்டும்.