பழைய டி.வி.: பெட்டியை மட்டும் காப்பாத்தினா போதுமா?

இன்னைக்கு எபிசோட் ஒரு சண்டையைப் பத்தி. ஷட்டர் போட்ட பழைய மரப்பெட்டி டி.வி. ஒண்ணு உங்க கைக்குக் கிடைக்குதுன்னு வெச்சுக்கோங்க. என்ன பண்ணுவீங்க? ரீல்ஸ்ல பதில் ரெடியா இருக்கு. உள்ளே இருக்கிறதை எல்லாம் உருவிப் போட்டுட்டு மீன் தொட்டி வைக்கலாம், மினி பார் ஆக்கலாம், எல்.இ.டி. ஸ்ட்ரிப் ஒட்டி ஹால்ல ஷோவுக்கு வைக்கலாம். பழைய டி.வி. சேகரிக்கிறவங்க இதைப் பார்த்தா வயிறு எரிவாங்க. "எப்படியும் ஓடாத டி.வி.தானே" என்பது ஒரு கட்சி. "ஓடுமான்னு யாராவது பார்த்தீங்களா" என்பது இன்னொரு கட்சி.

யார் பக்கம் நியாயம்னு சொல்றதுக்கு முன்னாடி, அந்தப் பெட்டி எங்கிருந்து வந்துச்சுன்னு பார்த்துடலாம்.

இந்தியாவில் டெலிவிஷன் 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் பரிசோதனையாகத் தொடங்கியது. மும்பைக்கு அது வர 1972 ஆச்சு. சென்னைக்கு 1975 ஆகஸ்ட் 15. அதே மாதம்தான் 'சைட்' என்ற திட்டமும் ஆரம்பித்தது. அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளை ஒரு வருஷம் பயன்படுத்தி, 6 மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு நிகழ்ச்சி அனுப்பினார்கள். கிராமத்துக்குப் பொதுவாக ஒரு டி.வி. பலரும் வாழ்க்கையில் முதல் தடவையா டி.வி. பார்த்தது அப்போதான்.

கலர் ஒளிபரப்பு வந்தது 1982-ல், தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்த வருஷம். அதுவரைக்கும் கறுப்பு வெள்ளைதான். சென்னையிலிருந்தே டயனோரா, சாலிடேர் மாதிரி பிராண்டுகள் வந்தன. வீட்டில் அது ஒரு மிஷின் மட்டும் இல்லை, பீரோ மாதிரி ஒரு சொத்து. அதனால்தான் மரச்சட்டம், இழுத்து மூடுற ஷட்டர், சிலதில் பூட்டு. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' போட்டால் தெருவே அந்த வீட்டு ஹாலில் உட்கார்ந்திருக்கும். மொட்டை மாடியில் ஒருத்தர் ஆன்டெனாவைத் திருப்ப, கீழே இருந்து இன்னொருத்தர் "தெரியுது, தெரியுது... போச்சு" என்று கத்துவார்.

ஆக, பெட்டியும் வரலாறுதான். பெட்டியைக் காப்பாத்துறவங்களை நாம கேலி பண்ண முடியாது. அவங்க இல்லேன்னா அது எப்பவோ விறகாப் போயிருக்கும்.

ஆனா உள்ளே என்ன இருந்துச்சு? ஒரு இன்ஜினியரா எனக்கு ஆச்சரியமே இங்கதான்.

நம்ம போன்ல ஒவ்வொரு பிரேமும் முதல்ல மெமரியில் உட்காரும், அப்புறம்தான் திரைக்கு வரும். அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளை டி.வி.யில் ஒரு பைட் மெமரி கூட கிடையாது. பிக்சர் டியூபின் கழுத்துக்குள் ஓர் எலக்ட்ரான் கன். கழுத்தைச் சுற்றிச் செம்புக் காயில். அதில் ஓடுற கரன்ட் எலக்ட்ரான் கற்றையை இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் வளைக்கும். ஒரு படத்துக்கு 625 கோடு, விநாடிக்கு 25 படம். பெருக்கிப் பாருங்க, விநாடிக்கு 15,625 கோடு. பழைய டி.வி. போட்டால் "கீஈஈ"ன்னு ஒரு மெல்லிய சத்தம் கேட்குமே, அது இந்த வேகத்தில் அதிர்கிற டிரான்ஸ்பார்மரோட சத்தம்தான். அந்த நொடியில் ஸ்டுடியோவில் கேமரா எந்தப் புள்ளியைப் பார்க்குதோ, அதே புள்ளியை உங்க வீட்டு டியூப் வரையும். எங்கேயும் எதுவும் சேமிக்கப்படலை. முழுப் படம்னு ஒண்ணு இருந்தது பாஸ்பர் பூச்சின் மிச்ச ஒளியிலும் உங்க கண்ணிலும்தான்.

இந்த மிஷினை உருவினா என்ன நடக்கும்? செம்புக் காயில் காயலான் கடைக்குப் போகும். கண்ணாடி குப்பைக்குப் போகும். கலர் டியூப்னா அந்தக் கண்ணாடியில் ஈயமும் இருக்கும். இதோட ஒரு கைத்தொழிலும் சேர்ந்தே போயிடுது. தேஞ்சுபோன பிக்சர் டியூபின் கழுத்தை வெட்டி, புது எலக்ட்ரான் கன் வெச்சு, திரும்ப வெற்றிடமாக்கி மூடுறது ஒரு தனித் தொழில். அமெரிக்காவில் அதைக் கடைசியா செஞ்சுட்டிருந்த ஹாக்-ஐ நிறுவனம் 2010-ல் மூடப்பட்டது. பிரான்ஸின் ராக்ஸ் 2013-ல். ஹாக்-ஐ மிஷின்களை ஒஹாயோ மாநிலத்தில் உள்ள எர்லி டெலிவிஷன் மியூசியம் வாங்கி வைத்தது. மிஷின் இருந்தும் கை பழகணுமே! கண்ணாடி உருக்கும் பக்குவம் எந்த மேனுவலிலும் முழுசா இருக்காது.

இப்போ எதிர்க்கட்சி வாதத்துக்கு வருவோம். "ஓட வெச்சு என்ன பண்ண? சிக்னலே இல்லையே!" உண்மைதான். தூர்தர்ஷன் தரைவழி அனலாக் ஒளிபரப்பைப் படிப்படியா நிறுத்திடுச்சு. இன்னைக்கு அந்த டி.வி.யை ஓட்டணும்னா ஒரு மாடுலேட்டர் வாங்கி, நாமளே அதுக்கு சிக்னல் கொடுக்கணும்.

இந்த இரண்டு கட்சிக்கும் நடுவில் ஒருத்தர் நிற்கிறார்: கொரியாவில் பிறந்த கலைஞர் நாம் ஜூன் பைக். 1975-ல் ஒரு டி.வி.யின் குடலை முழுக்க எடுத்துட்டு உள்ளே ஒரு மெழுகுவத்தியை ஏத்தி வெச்சவர் இவர். அதாவது இந்த ரீல்ஸ் ஐடியாவை 50 வருஷம் முன்னாடியே கலையா செஞ்சவர். அதே மனுஷன் 1988 சியோல் ஒலிம்பிக்ஸை ஒட்டி, 1,003 டி.வி.க்களை அடுக்கி 18.5 மீட்டர் உயரக் கோபுரம் ஒண்ணு கட்டினார். அவை எல்லாமே ஓடணும். பைக் 2006-ல் இறந்துட்டார். டியூப்கள் ஒவ்வொண்ணா அணைய ஆரம்பிச்சு, 2018-ல் பாதுகாப்புக் காரணத்துக்காகக் கோபுரத்தையே நிறுத்திட்டாங்க.

பெட்டிகளை அப்படியே வெச்சு உள்ளே எல்.சி.டி. போட்டுடலாமா? கொரியாவின் தேசிய நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகத்தில் இதே சண்டைதான். கடைசியில் எடுத்த முடிவு இது: 737 டியூப் டி.வி.க்களைப் பழுது பார்த்தோ, பழைய சாமான் தேடி மாத்தியோ டியூபாவே வெச்சாங்க. மேல் அடுக்குகளில் இருந்த 266 சின்ன டி.வி.க்களில் மட்டும் தட்டைத் திரை. எதை மாத்தினோம், எதை மாத்தலை என்று வெளிப்படையாச் சொன்னாங்க. 2022 செப்டம்பரில் கோபுரம் மறுபடி எரிந்தது.

என் கட்சியும் இதுதான். உயிர் இருக்கிற வரை உயிரோட வைங்க. முடியாதபோது மாத்துங்க, ஆனா திரும்பி வர ஒரு வழி விட்டு மாத்துங்க. நம்ம பாஷையில் சொன்னா, ரிவர்ட் பண்ண முடியாத கமிட் போடாதீங்க.

நடைமுறையில் இது மூணே விஷயம். ஒண்ணு, உருவுறதுக்கு முன்னாடி வயசான ஒரு டி.வி. மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டுங்க. நீங்களா திறக்காதீங்க, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். ரெண்டு, உள்ளே வேற ஏதாவது வைக்கணும்னா ஸ்க்ரூவால் மாட்டுங்க, ரம்பம் போடாதீங்க. மூணு, அவர் கழட்டித் தர்ற போர்டு, காயில், டியூப் எல்லாத்தையும் மாடல் நம்பர் எழுதிப் பத்திரமா வைங்க. வேண்டாம்னா சேகரிக்கிற ஒருத்தர்கிட்ட கொடுங்க. இன்னொரு டி.வி. அதால பிழைக்கலாம்.

அந்த மெக்கானிக் வந்தார்னா, அவர் வேலை செய்றப்போ போன்ல ரெக்கார்டு பண்ணி வைங்க. டி.வி. இன்னும் பத்து வருஷம் பரணில் தாங்கும். எழுபது தாண்டிய அந்தக் கை அவ்வளவு நாள் காத்திருக்காது.