போடி ரயில்பாதையின் பழைய கட்டடங்கள்: சிற்றுரு அமைப்பதற்கான ஆய்வுமுறை

ரயில்வே சிற்றுரு என்பது வண்டிகளையும், அவை ஓடும் தண்டவாளத்தையும், பாதையோரக் கட்டடங்களையும் ஒரே விகிதத்தில் சுருக்கி அமைக்கும் உருவாக்கம் ஆகும். எஞ்சினையும் பெட்டிகளையும் ஆலைத் தயாரிப்பாக வாங்கிவிட இயலும். ஆனால் ஒரு குறிப்பிட்ட ஊரின் நிலையக் கட்டடமோ சரக்குக் கிடங்கோ எங்கும் விற்பனைக்குக் கிடைப்பதில்லை. ஆகவே உண்மைக் கட்டடத்தை அளந்தும், அது இல்லாதபோது ஆவணங்களிலிருந்து மீட்டும் அமைக்க வேண்டியிருப்பதால், கட்டட ஆய்வு இக்கலையின் தனிப் பிரிவாக வளர்ந்துள்ளது. தேனி மாவட்டத்தின் மதுரை–போடிநாயக்கனூர்ப் பாதை இத்தகைய ஆய்வுக்குரிய சிக்கலான எடுத்துக்காட்டுகளுள் ஒன்று. ஒரு நூற்றாண்டுக்குள் இப்பாதையின் தண்டவாளங்கள் இருமுறை அகற்றப்பட்டு இருமுறை மீண்டும் இடப்பட்டுள்ளமையால், ஒரு நிலையம் எப்படி இருந்தது என்ற கேள்விக்கு, எந்த ஆண்டில் என்பதை முடிவு செய்யாமல் விடை காண இயலாது.

பாதையும் அதன் காலப் படிவங்களும்

தென்னிந்திய ரயில்வே நிறுவனம் மதுரையிலிருந்து மேற்கே உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகப் போடிநாயக்கனூர் (போடி) வரை சுமார் 90 கிலோமீட்டர் நீளத்துக்கு அமைத்த மீட்டர் பாதை, அதாவது இரு தண்டவாளங்களுக்கு இடையே 1,000 மில்லிமீட்டர் இடைவெளி கொண்ட பாதை, 1928-இல் திறக்கப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஏலக்காய், தேயிலை, காப்பி, மிளகு ஆகியவற்றைக் கொண்டுசெல்வது இதன் முதன்மை நோக்கமாக இருந்தது. பாதை போடியிலேயே முடிந்துவிட்டமையால், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் ஆகிய ஊர்களைக் கொண்ட கம்பம் பள்ளத்தாக்கின் தென்பகுதி ரயிலைக் காணவில்லை. அப்பகுதியின் விளைபொருள்கள் சாலை வழியே வந்தே வண்டியேறின. எனவே கடைசி நிலையமான போடியின் சரக்கு வளாகம், வண்டிகள் நின்று செல்லும் இடைநிலையங்களைவிடச் சிற்றுருவாளருக்கு முக்கியமானது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இரும்புத் தேவைக்காக இப்பாதையின் தண்டவாளங்கள் கழற்றப்பட்டன. 1950களில் பாதை மீண்டும் இடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் தென்னிந்திய ரயில்வே 1944-இல் அரசுடைமையாகி, 1951-இல் தெற்கு ரயில்வேயில் இணைந்துவிட்டமையால், நீராவி வண்டிக் காலத்திலேயே இரண்டு வேறுபட்ட நிர்வாகங்களின் அடையாளங்கள் இப்பாதையில் பதிந்தன. 2010 டிசம்பர் இறுதியோடு மீட்டர் பாதைச் சேவை நிறுத்தப்பட்டு, 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதையாக மாற்றும் பணி தொடங்கிற்று. 2022 மே 26 அன்று மதுரை–தேனி சேவையும், 2023 ஜூன் 15 அன்று போடி வரையிலான சேவையும் தொடங்கின.

இதன்படி ஆய்வாளர் நான்கு காலப் படிவங்களைப் பிரித்தறிய வேண்டும்: 1928 முதல் போர்க்காலம் வரை, மீண்டும் இடப்பட்டது முதல் நீராவி எஞ்சின்கள் விலகியது வரை, டீசல் எஞ்சின் காலத்தின் மீட்டர் பாதை, இன்றைய அகலப் பாதை. ஒரு காலத்துக்குரிய சுவரின் அருகே வேறொரு காலத்துக்குரிய கைகாட்டியையோ பெயர்ப்பலகையையோ நிறுத்திவிட்டால், ஒவ்வொரு பொருளும் தனித்தனியே சரியாக இருந்தும் சிற்றுரு முழுமையாகப் பிழைபட்டுவிடும்.

ஆவணச் சான்றுகள்

ரயில்வே கட்டடங்கள் பெரும்பாலும் ஒவ்வொன்றாகக் கற்பனை செய்யப்பட்டவை அல்ல. நிலையத்தின் தரத்துக்கேற்ப நிறுவனப் பொறியாளர்கள் வகுத்த மாதிரி வரைபடங்களைக் கொண்டே அவை எழுப்பப்பட்டன என்பதால், ஒரு நிலையத்தின் வரைபடம் கிடைக்காதபோது, அதே நிறுவனம் அதே ஆண்டுகளில் கட்டிய வேறொரு சிறுநிலையத்தின் வரைபடம் துணையாகும். வளாக வரைபடம் எனப்படும் ஆவணம் தண்டவாளங்களின் கிளைகள், நடைமேடை, கிடங்கு, நீர்த்தொட்டி ஆகியவற்றின் இடத்தைக் காட்டும். ரயில்வே நில வரைபடம் எல்லைகளைக் காட்டும். இரண்டையும் வருவாய்த் துறையின் புலப்படத்தோடு ஒப்பிடுவது நல்லது. ஒவ்வொரு நில அளவை எண்ணுக்கும் தனித்தனியே வரையப்படும் அப்படத்தின் பழைய பிரதிகளில் நீளங்கள் சங்கிலியின் நூறில் ஒரு பங்கான லிங்க் கணக்கில் எழுதப்பட்டிருக்கும்; 66 அடிச் சங்கிலியின் ஒரு லிங்க் ஏறத்தாழ 201 மில்லிமீட்டர்.

இந்திய நில அளவைத் துறையின் நிலப்படங்களைத் தேடுவோர் ஒரு சிக்கலை எதிர்கொள்வர். தேனியும் போடியும் பத்தாம் வட அகலக்கோட்டை ஒட்டி அமைந்துள்ளன; அக்கோடே 58 எஃப், 58 ஜி என்னும் இரு தொகுதிகளின் எல்லையாகவும் இருப்பதால், ஒரே வளாகத்தின் சூழலை அறிய இரு தொகுதிகளின் தாள்களையும் சேர்த்துப் பார்க்க நேரும். ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் என்ற பழைய தாளையும் பின்னர் வந்த 1:50,000 தாளையும் அருகருகே வைத்தால், பாதை வருவதற்கு முன்னும் பின்னும் ஊர் விரிந்த விதம் புலப்படும். 1906-இல் வெளிவந்த டபிள்யூ. பிரான்சிஸின் மதுரை மாவட்ட விவரச்சுவடி ரயிலுக்கு முற்பட்டது. ஆயினும் பள்ளத்தாக்கின் ஊர்கள், சாலைகள், வேளாண்மை பற்றிய பின்னணிக்கு அது பயன்படும்.

சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்கள், பெரம்பூரிலுள்ள வட்டார ரயில் அருங்காட்சியகம், திருச்சிராப்பள்ளியிலுள்ள ரயில்வே பாரம்பரிய மையம் ஆகியவை தேடலின் அடுத்த இடங்கள். இவற்றுள் திருச்சிக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. தென்னிந்திய ரயில்வேயின் தலைமையிடம் அந்நகரில் இருந்ததோடு, நாகப்பட்டினத்திலிருந்து பெயர்ந்த பணிமனை பொன்மலையில் நிலைகொண்டதும் போடிப் பாதை திறந்த அதே 1928-ஆம் ஆண்டை ஒட்டியே ஆகும்.

ஒளிப்படங்களைப் படித்தல்

குடும்பப் படம், செய்தித்தாள் படம், தேனி வட்டாரத்தில் எடுக்கப்பட்ட திரைப்படங்களின் காட்சிகள் ஆகியவை வரைபடத்தில் இல்லாத செய்திகளைத் தருகின்றன. திரைப்படத்துக்காகப் பெயர்ப்பலகை மாற்றப்படுவதும் சுவருக்கு வண்ணம் பூசப்படுவதும் உண்டு என்பதால், அவற்றிலிருந்து கட்டட வடிவத்தை மட்டும் ஏற்று, எழுத்தையும் நிறத்தையும் வேறு சான்றால் உறுதி செய்தல் முறை.

நிழலும் ஒரு சான்று. தேனியிலிருந்து போடி வரை பாதை ஏறக்குறைய கிழக்கு மேற்காகச் செல்வதால், பாதைக்கு இணையாக எழுப்பப்பட்ட கட்டடங்களின் நெடுஞ்சுவர்கள் வடக்கையோ தெற்கையோ நோக்கியிருக்கும். இந்த அகலக்கோட்டில் ஏப்ரல் நடுப்பகுதி முதல் ஆகஸ்ட் கடைசி வரை உச்சிவேளைச் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்பதால், நண்பகலில் வடசுவரில் வெயில் விழுந்த படம் அம்மாதங்களுக்குரியது என்று கொள்ளலாம். அதன்வழி மரங்களின் பசுமையையும் தரையின் நிறத்தையும் பருவத்துக்கேற்ப அமைக்க முடியும்.

தமிழ் எழுத்தின் வடிவமும் காலத்தைக் காட்டும். 1978-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் லை, னை, ணை, ளை ஆகியவை மேலே வளைந்த கொம்போடு எழுதப்பட்டன. ஆகவே 1960களின் நிலையத்தைச் சுருக்குவோர், நிலைய அதிபர் அறையின் பலகையையும் சென்னை என்னும் பெயர் வரும் கட்டண அட்டவணையையும் பழைய வரிவடிவில்தான் எழுத வேண்டும்.

கள அளவீடு

ரயில்வே வளாகம் காவலுக்கும் பாதுகாப்பு விதிகளுக்கும் உட்பட்டதாகையால், தண்டவாளப் பகுதியில் அளவெடுப்பதற்குக் கோட்ட நிர்வாகத்தின் எழுத்துமூல அனுமதி முதலில் தேவை. கட்டடத்தின் உயரங்கள் அனைத்தும் தரையிலிருந்து அல்லாமல் தண்டவாளத்தின் மேல்மட்டத்திலிருந்து கணக்கிடப்படும். ஏனெனில் ரயில்வே வரைபடங்கள் அம்மட்டத்தையே அடிப்படையாகக் கொள்கின்றன. அறைகளுக்கு நீள அகலத்தோடு மூலைவிட்டமும் அளந்தால்தான் மூலைகள் செங்கோணமாக உள்ளனவா என்பது தெரியும். கைக்கு எட்டாத இடங்களுக்கு, அடிக்கணக்கில் கறுப்பு வெள்ளைப் பட்டை தீட்டிய அளவுகோலைச் சுவரோடு நிறுத்தி நேர்முகமாகப் படமெடுப்பது எளிய வழி. பல கோணங்களில் ஒன்றையொன்று பெரிதும் மேவுமாறு எடுத்த படங்களிலிருந்து கணினி முப்பரிமாண வடிவைக் கணக்கிடும் ஒளிப்பட அளவியல் இன்றைய வழி.

அளவுகோல் இல்லாத பழைய படங்களில் செங்கல்லே அளவுகோலாகிறது. ஆங்கிலேயர் காலப் பொதுப்பணிகளில் சாந்தையும் சேர்த்து 9 அங்குல நீளம், 4½ அங்குல அகலம், 3 அங்குல உயரம் என்ற கணக்கு வழக்கமாக இருந்தமையால், பூசப்படாத சுவரின் வரிசைகளை எண்ணினால் உயரம் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, சன்னலுக்குக் கீழே பன்னிரண்டு வரிசைகள் தெரிந்தால் அதன் அடிமட்டம் சுமார் மூன்று அடி உயரத்தில் உள்ளது. கருங்கல் சுவருக்கு இவ்வழி பொருந்தாது. கற்கள் ஒழுங்கற்றவை என்பதால், அங்கே கதவின் உயரத்தையோ படத்தில் நிற்கும் பெட்டியின் அறியப்பட்ட நீளத்தையோ அடிப்படையாகக் கொள்ள வேண்டும்.

கட்டுமானப் பொருள்கள்

தென்னிந்தியப் பொதுக் கட்டடங்களில் பரவலாக இருந்த கூரைகள் இரண்டு. ஒன்று மெட்ராஸ் தளம்: தேக்கு விட்டங்களின் மேல் சிறிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் செங்குத்தாக நிறுத்தி, குறுக்குச் சாய்வாக அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையை இடித்து இறுக்கிய தட்டைக் கூரை. மற்றொன்று சீமை ஓடு வேய்ந்த சாய்கூரை. பாசல் மிஷன் 1865-இல் மங்களூரில் தொடங்கிய ஆலையிலிருந்து பரவிய இவ்வோடு, நாட்டு ஓட்டைவிடப் பெரியது, ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் வரம்புகளையும் உடையது. எந்தக் கட்டடத்துக்கு எந்தக் கூரை என்பதை நிலையத்துக்கு நிலையம் சான்றின் வழியே தீர்மானிக்க வேண்டும்.

கழிக்கப்பட்ட தண்டவாளங்களைத் தூணாகவும் வேலிக் கம்பமாகவும் நடுவது ரயில்வேயின் வழக்கம். தண்டவாளத்தின் பக்கவாட்டில் உற்பத்தி நிறுவனத்தின் பெயரும் ஆண்டும் புடைப்பெழுத்தில் பதிக்கப்பட்டிருப்பதால், அத்தூண் அந்த ஆண்டுக்கு முன் நடப்பட்டிருக்க இயலாது என்ற கீழ்வரம்பு கிடைக்கிறது. எவ்வளவு பின்னர் நடப்பட்டது என்பதை அது சொல்லாது. போர்க்காலத்தில் தண்டவாளங்கள் இடம்பெயர்ந்த போடிப் பாதையில் இந்த எச்சரிக்கை இன்னும் அவசியமாகிறது.

விகிதமும் பாதை அகலமும்

அளவுகள் கிடைத்தபின் எந்த விகிதத்தில் சுருக்குவது என்ற கேள்வி எழும். உலகெங்கும் பரவலான 1:87 விகிதத்தில் மீட்டர் பாதை 11.5 மில்லிமீட்டராகச் சுருங்கும். சந்தையில் கிடைக்கும் 12 மில்லிமீட்டர்ப் பாதை இதற்கு நெருக்கமானது. ஆனால் அதே விகிதத்தில் இந்திய அகலப் பாதை 19.3 மில்லிமீட்டராக இருக்க வேண்டும். எளிதில் கிடைப்பதோ ஐரோப்பாவின் 1,435 மில்லிமீட்டர்ப் பாதைக்குரிய 16.5 மில்லிமீட்டர் மட்டுமே. எனவே ஆயத்தப் பொருள்களைக் கொண்டு துல்லியத்தை எட்ட விரும்புவோருக்கு இன்றைய போடியைவிட மீட்டர் பாதைக் காலப் போடியே ஏற்றது.

மேலும் 1:87-இல் 30 அடிக் கட்டடம் 105 மில்லிமீட்டராகிறது. செங்கல் வரிசை ஒன்றின் உயரம் 0.88 மில்லிமீட்டர் என்பதால் அதைச் செதுக்கிக் காட்டலாம். 1:160 விகிதத்தில் அது அரை மில்லிமீட்டருக்கும் குறைவதால் வண்ணத்தால் மட்டுமே உணர்த்த இயலும். முழுப் பாதையும் 1:87-இல் ஒரு கிலோமீட்டரைத் தாண்டும் என்பதால், ஒரே ஒரு நிலைய வளாகத்தைத் தேர்ந்தெடுப்பதே நடைமுறை.

மலைமேல் நீளும் தொடர்ச்சி

போடி வளாகத்தின் பொருளை விளங்கிக்கொள்ள மேலேயுள்ள போக்குவரத்தையும் அறிய வேண்டும். மூணாற்றில் 1902-இல் ஒற்றைத் தண்டவாளத்தில் தொடங்கிய குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில், 1908-இல் இரண்டடி அகலமுள்ள இரட்டைத் தண்டவாளப் பாதையாக மாற்றப்பட்டது. அது தேயிலைப் பெட்டிகளை டாப் ஸ்டேஷன் வரை கொண்டுவர, அங்கிருந்து கம்பிவடப் பாதை அவற்றைக் கொட்டகுடிக்கு இறக்கியது; பின்னர் அவை வண்டிகளில் போடிக்கு வந்தன. 1924 ஜூலைப் பெருவெள்ளம் அந்த மலை ரயிலை அழித்துவிட்டது. அதாவது போடிக்கு மீட்டர் பாதை வருவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே அது மறைந்துவிட்டது. இரண்டையும் ஒரே காட்சியில் இயக்கும் சிற்றுரு அழகாக இருக்கலாம்; வரலாற்றில் அப்படி ஒரு நாள் இருந்ததில்லை.

ஒப்புமையும் சான்றுக் குறிப்பும்

மறைந்த உறுப்புகளுக்கு ஒப்புமை தேடும்போது, தமிழ்நாட்டில் இன்றும் மீட்டர் பாதையில் இயங்கும் நீலகிரி மலை ரயில் உதவும். ஆயினும் அது குளிர்மலைக்குரியது, பாதையின் ஒரு பகுதியில் பற்சக்கர முறையில் ஏறுவது என்பதால், கைகாட்டி, பாதைக் கருவிகள் போன்றவற்றுக்கே அது துணையாகலாம். நிலைய வடிவத்துக்கு அன்று. உலக அளவில் இங்கிலாந்தின் பென்டன் அருங்காட்சியகம் சிறந்த முன்மாதிரி. ராய் இங்லண்ட் என்பவர் நிறுவிய அவ்விடத்தில், 1930களின் கிராமப்புறம் உண்மை வீடுகளை அளந்து நான்கு மில்லிமீட்டருக்கு ஓர் அடி என்ற விகிதத்தில் அமைக்கப்பட்டுள்ளது.

பழைய ஊழியர்களின் நினைவும் ஏற்கத்தக்க சான்றே. கிடங்கில் மூட்டைகள் எந்த வாசலில் ஏறின, மண்ணெண்ணெய் விளக்குகள் எங்கே வைக்கப்பட்டன போன்ற செய்திகளை வேறெதுவும் தராது. ஆண்டுக்கணக்கில் மட்டும் அது வரைபடத்தோடு சரிபார்க்கப்பட வேண்டும். எனவே சிற்றுருவோடு ஒரு பதிவேட்டையும் வைத்து, ஒவ்வோர் அளவும் நேரில் எடுக்கப்பட்டதா, வரைபடத்திலிருந்து வந்ததா, படத்திலிருந்து கணக்கிடப்பட்டதா, ஒப்புமையால் ஊகிக்கப்பட்டதா என நான்கு தரங்களில் குறிப்பது நன்முறை. பாதை மாற்றத்தின்போது நடைமேடைகள் உயர்த்தப்பட்டு, பழைய கட்டடங்கள் இடிக்கப்படுவதும் திருத்தப்படுவதும் வழக்கமாதலால், இத்தகைய பதிவேடு பொழுதுபோக்கின் துணைக்குறிப்பு என்ற நிலையைக் கடந்து, வட்டாரக் கட்டட வரலாற்றாசிரியரும் நம்பிப் பயன்படுத்தக்கூடிய ஆவணமாகிறது.