உலாவியும் ஒற்றரும்

திருக்குறளின் பொருட்பாலில் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரம் உண்டு. நாடாளும் மன்னன் ஒற்றரை எவ்வாறு தேர்ந்து, எவ்வாறு ஆளவேண்டும் என்பதை அது கூறுகின்றது. அங்கே ஒற்றரை ஏவுபவன் அரசன். இன்று நாம் பேசப் புகும் ஒற்றரை ஏவியவர்கள் வணிகர்கள். அவர்கள் நுழைந்ததும் பொருள் வாங்குவோரின் வீட்டிற்குள்ளேதான். நுழைந்த வழி எது? வீட்டார் உலகைக் காண்பதற்கென்று தாமே திறந்து வைத்த சாளரம். கணிப்பொறியில் இணையப் பக்கங்களைக் காட்டும் உலாவி என்னும் மென்பொருளையே சாளரம் என்கிறேன். அச்சாளரத்தின் மீது யாருக்கு உரிமை என்ற வழக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக நடந்து வருகின்றது.

முதல் உலாவியை ஆக்கியவர் டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேயர். ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் என்ற அணு ஆய்வுக்கூடத்தில் பணியாற்றுகையில், 1990-ஆம் ஆண்டின் இறுதியில் அதனை அவர் இயக்கிக் காட்டினார். அவ்வுலாவியில் பக்கங்களைப் படிக்கலாம். எழுதவும் திருத்தவும் செய்யலாம். தொலைவிலிருந்து வந்து சேரும் பக்கம் ஒரு மடலைப் போன்றது. மடல் படிக்கப்படுமேயன்றி, படிப்பவரின் பெட்டியைத் திறந்து பார்க்காது. 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் நிறுவனம் இக்கலையை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று உலகிற்கு வழங்கிவிட்டது. அதே ஆண்டில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிறந்த மொசைக் என்ற உலாவி, எழுத்தோடு படத்தையும் ஒரே பக்கத்தில் காட்டிற்று. மக்கள் கூட்டம் கூட்டமாக வந்தனர். அவர்கள் பின்னே வணிகமும் வந்தது.

வணிகத்திற்கு ஓர் இடர்ப்பாடு இருந்தது. இணையத்தளம் மறதி மிக்கது. ஒரே மனிதர் அடுத்தடுத்து இரண்டு பக்கங்களைக் கேட்டாலும், இரண்டாம் முறை அவரைப் புதியவராகவே கொள்ளும். வாங்கிக் கூடையில் இட்ட பொருளை நினைவில் வைக்க வேண்டாமா? இதற்கு நெட்ஸ்கேப் நிறுவனத்தைச் சேர்ந்த லூ மாண்டுல்லி 1994-இல் ஒரு வழி கண்டார். கடைக்காரர் வாடிக்கையாளரின் கையில் ஒரு சிறு சீட்டைக் கொடுத்தனுப்புகிறார். மறுமுறை வரும்போது அச்சீட்டைப் பார்த்து அவரை அடையாளம் கண்டுகொள்கிறார். குக்கீ என்று பெயர்பெற்றது அச்சீட்டே. கொடுத்த கடைதான் அதைப் படிக்க முடியும் என்பது விதி. விதி நன்றே. ஆனால், ஒரு பக்கத்திலுள்ள படங்கள் எல்லாம் ஒரே இடத்திலிருந்து வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லையே! விளம்பர நிறுவனம் ஒன்று ஆயிரம் தளங்களில் தன் படத்தை வைக்குமாயின், ஆயிரம் இடங்களிலும் தன் சீட்டைத் தானே படித்துக்கொள்ளும். எங்கெங்கு சென்றார், எதை எதைப் பார்த்தார் என்ற குறிப்பேடு ஒன்று அவர் அறியாமலே எழுதப்படும்.

1996 பிப்ரவரியில் லண்டன் நாளிதழான பைனான்சியல் டைம்ஸ் இதனை எழுதிய பிறகே பொதுமக்கள் விழித்துக்கொண்டனர். மறு ஆண்டு பிப்ரவரியில், இணைய நெறிமுறைகளை வகுக்கும் பொறியாளர் குழு குக்கீக்கென ஓர் ஆவணம் வெளியிட்டது. அதை எழுதிய இருவருள் மாண்டுல்லியும் ஒருவர். பயனாளர் நாடிச் செல்லாத மூன்றாம் தரப்பாரின் சீட்டை உலாவி தானாக ஏற்கலாகாது என்று அவ்வாவணம் தெளிவாகச் சொல்லிற்று. அக்காலத்தில் களத்திலிருந்த பெரிய உலாவிகள் இரண்டும் அதைப் பின்பற்றவில்லை. இதனை நினைவில் கொள்ளுங்கள். இறுதியில் இதற்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

1996 ஆகஸ்டில் மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் உலாவியின் மூன்றாம் பதிப்பில் ஆக்டிவ்எக்ஸ் என்ற வசதியைச் சேர்த்தது. இதுவரை மடல் வந்தது. இனி ஆளே வரலாயினர். பக்கத்தோடு வந்திறங்கும் சிறு நிரல், கணிப்பொறி உரிமையாளர் செய்யக்கூடிய அனைத்தையும் செய்யலாம். காவல் என்ன? வருபவர் யார் என்று காட்டும் சான்றிதழ் ஒன்றே. வருபவரின் பெயரை அறிவதும் அவருடைய நோக்கத்தை அறிவதும் ஒன்றாகுமா? இவ்வினாவைச் செயலில் எழுப்பினார் பிரெட் மெக்லெயின் என்ற அமெரிக்க நிரலர். எக்ஸ்ப்ளோடர் என்ற நிரலை எழுதி, முறைப்படி சான்றிதழும் பெற்று, இணையத்தில் வைத்தார். அப்பக்கத்தைத் திறந்தவரின் கணிப்பொறி சிறிது நேரத்தில் தானே அணைந்துபோயிற்று. 1997-இன் தொடக்கத்தில் ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்ற குழுவினர் இன்னும் ஒரு படி சென்றனர். கணக்கு வைக்கும் மென்பொருள் ஒன்றில், உரிமையாளர் அறியாமல் பணம் அனுப்பும் ஆணை ஒன்றைச் சேர்த்துவிடும் நிரலைத் தொலைக்காட்சியில் இயக்கிக் காட்டினர். அடுத்த முறை அவர் தம் ஆணைகளை வங்கிக்கு அனுப்பும்போது இதுவும் உடன் சென்றுவிடும். எச்சரிக்கை இவ்வளவு முன்னதாகவே கிடைத்திருந்தது என்பதை வரலாறு படிப்போர் மறக்கலாகாது.

அதே 1997-இல் வந்த நான்காம் பதிப்பு, உலாவித் துணைநிரல் என்ற மற்றொரு வாயிலையும் திறந்தது. உலாவி தொடங்கும்போதெல்லாம் இத்துணைநிரலும் உடன் எழும். காணும் பக்கங்களையெல்லாம் தானும் காணும். நல்ல துணையாயின் நன்மையே. ஆனால் இலவசமாகக் கிடைத்த பாட்டுப் பெட்டி, கோப்புப் பகிர்வான் முதலியவற்றோடு, எவரும் படிக்காத நீண்ட ஒப்பந்தத்தின் மறைவில், வேண்டாத கருவிப்பட்டைகளும் ஒற்றர்களும் குடியேறினர்.

வேவு மென்பொருள் என்று பொருள்படும் ஸ்பைவேர் என்ற ஆங்கிலச் சொல் 1995-இல் நகைச்சுவையாக வழங்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டில் அது நகைச்சுவையாக இல்லை. அவ்வாண்டு ஸ்டீவ் கிப்சன் என்பவர் தம் சொந்தக் கணிப்பொறியிலேயே விளம்பர ஒற்று ஒன்று தங்கியிருப்பதைக் கண்டு, அதனை அகற்றும் ஆப்ட்அவுட் என்ற நிரலை எழுதினார். ஆட்-அவேர் என்ற மென்பொருளும், ஜெர்மானியரான பேட்ரிக் கோலா எழுதிய ஸ்பைபாட் என்பதும் அக்காலத்தவையே.

2003-இல் கூல்வெப்சர்ச் என்ற தொல்லை தோன்றிற்று. முகப்புப் பக்கத்தை மாற்றும். தேடும் இடத்தைத் தன்பால் திருப்பும். நீக்கினால் மறுநாள் மீண்டும் நிற்கும். அது ஒன்றன்று, ஒரே பெயரில் பல வடிவங்கள். நெதர்லாந்து நாட்டின் மாணவரான மெரைன் பெல்லெகோம் என்பவர் இதனைத் துரத்த ஒரு நிரலும், ஹைஜாக்திஸ் என்ற வேறொரு நிரலும் எழுதி இலவசமாக அளித்தார். இரண்டாவதன் சிறப்பு வியப்புக்குரியது. இது நல்லது, இது தீயது என்று அது தீர்ப்புக் கூறாது. உலாவியில் எவையெவை நுழைந்து ஒட்டிக்கொண்டுள்ளன என்று பட்டியல் மட்டும் தரும். பட்டியலைப் படித்து எதை நீக்குவது என்று முன்பின் அறியாதவர்க்குச் சொல்லித் தந்தவர்கள் ஊதியம் பெறாத தொண்டர்கள். கோடிக்கணக்கில் பொருளீட்டிய நிறுவனம் விட்ட குறையை மாணவர்களும் தொண்டர்களும் நிறைத்தனர் என்று சொன்னால் மிகையாகாது.

நுழைந்தபின் துரத்துவது ஒருபுறமிருக்க, நுழையாமல் தடுக்கவும் வழி கண்டனர். ஸ்பைவேர்பிளாஸ்டர் என்ற மென்பொருள் மேற்கொண்ட முறை எளியது. அழகியது என்றும் சொல்வேன். ஒவ்வோர் ஆக்டிவ்எக்ஸ் நிரலுக்கும் பிறப்பெண் போல ஒரு நீண்ட எண் உண்டு. விண்டோஸ் பதிவேட்டில் அவ்வெண்ணுக்கு நேரே ஒரு குறியை இட்டுவிட்டால், உலாவி அந்நிரலைத் தொடவே தொடாது. கில்பிட் எனப்பட்ட இக்குறி, பழுதுள்ள நிரல்களை முடக்குவதற்கென மைக்ரோசாப்ட் ஏற்படுத்தியது. தடுப்பு மென்பொருளோ, அறியப்பட்ட ஒற்றர் அனைவரின் எண்களுக்கும் அக்குறியை இட்டுவைத்தது. இரவும் பகலும் இயங்கும் காவலன் தேவையில்லை, பதிவேடே காவல். குறையும் அதிலேயே இருந்தது. பெயர் தெரிந்த திருடனைத்தான் தடுக்கலாம். எண்ணை மாற்றிக்கொண்டு வந்தவன் உள்ளே போய்விடுவான். ஆகவே பட்டியலை அடிக்கடி புதுப்பிக்க வேண்டியிருந்தது.

மற்றொரு காவல், இணையத்தின் இளமைக்காலத்து எச்சம் ஒன்றிலிருந்து கிடைத்தது. 1983-இல் இப்போதைய களப்பெயர் முறை வகுக்கப்படுமுன், எல்லாக் கணிப்பொறிகளின் பெயரும் முகவரியும் ஹோஸ்ட்ஸ் என்ற ஒரே கோப்பில் எழுதப்பட்டு, படியெடுத்து வழங்கப்பட்டன. முறை மாறியும் கோப்பு மறையவில்லை. கணிப்பொறி வழக்கமாக முதலில் அதையே பார்க்கும். ஒற்றனின் தளப்பெயருக்கு எதிரே 127.0.0.1 என்று, அதாவது தன் முகவரியையே எழுதிவிட்டால், ஒற்றனுக்குப் போகும் செய்தி வீட்டு வாசலிலேயே சுற்றிக்கொண்டிருக்கும்! ஒற்றரும் இத்தந்திரத்தைக் கற்றனர். காவல் மென்பொருள் நிறுவனங்களின் பெயர்களை அதே கோப்பில் எழுதி, உதவி வரும் வழியை அடைத்தனர்.

2004-இல் இவ்வழக்கு நீதிமன்றம் ஏறிற்று. அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் அக்டோபரில் சான்போர்டு வாலஸ் என்பவர் மீதும், அவருடைய சீஸ்மிக் என்டர்டெயின்மென்ட் நிறுவனத்தின் மீதும் வழக்குத் தொடுத்தது. உலாவியின் பழுதுகளைப் பயன்படுத்தி முகப்புப் பக்கத்தை மாற்றினர், விளம்பரச் சாளரங்களைக் குவித்தனர் என்பது குற்றச்சாட்டு. மக்களை அச்சுறுத்த, கணிப்பொறியின் குறுந்தகட்டுத் தட்டு தானே வெளியே வரும்படியும் செய்தார்களாம். பின்னர் அந்நோய்க்கு மருந்தென்று ஸ்பை வைப்பர், ஸ்பை டிலீட்டர் என்பவற்றை முப்பது டாலருக்கு விற்கச் செய்தனர். வீட்டில் பாம்பை விட்டுவிட்டுப் பிடாரனை அனுப்பிய கதைதான். 2006-இல் நீதிமன்றம் வாலஸ் தரப்பாரிடம் நாற்பது லட்சம் டாலருக்கு மேல் திருப்பித் தருமாறு பணித்தது.

உலாவியை ஆக்கியவர்களும் அதற்குள் அசையத் தொடங்கியிருந்தனர். 2004 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் திருத்தம், நிரலை ஏற்கவா என்று இடைமறித்துக் கேட்கும் பெட்டியை அகற்றி, பக்கத்தின் மேலே அமைதியான ஒரு பட்டையை வைத்தது. வேலையின் நடுவே வழிமறித்துக் கேட்டால் மனிதர் ஆம் என்றே சொல்லிவிடுவர். கேள்வியை ஒதுக்கி வைத்தால் அதைக் கடந்து செல்வர். இவ்வுண்மையை உணரப் பல ஆண்டுகள் ஆயின. நவம்பர் 9 அன்று வெளிவந்த பயர்பாக்ஸ் உலாவியில் ஆக்டிவ்எக்ஸ் இல்லவே இல்லை. 2008 செப்டம்பரில் வந்த குரோம், பக்கங்களைத் தனித்தனி அறைகளில் அடைத்து, கணிப்பொறியின் பிற பகுதிகளைத் தொடவொட்டாமல் செய்தது. பக்கம் மீண்டும் மடலாயிற்று எனலாம்.

ஒற்றர் என்ன செய்தனர்? நேர்வழியில் வந்தனர். பயனாளர் தாமே விரும்பிச் சேர்க்கும் நீட்சிகளை விலைக்கு வாங்கினர். 2014 ஜனவரியில் குரோமின் நீட்சிகள் இரண்டு இவ்வாறு கைமாறி, ஓசையின்றிப் புதுப்பிக்கப்பட்டு, விளம்பரங்களைத் திணித்தது வெளிப்பட்டது. வீட்டார் மாறவில்லை, பூட்டு மாறவில்லை. வேலையாள் மட்டும் வேறொருவருக்கு வேலை செய்யத் தொடங்கிவிட்டான். அவ்வாண்டு மே மாதம் முதல், விண்டோஸில் குரோமுக்குரிய நீட்சிகள் கூகுளின் கடையிலிருந்தே வரவேண்டும் என்று விதித்தனர். காவல் வலுப்பட்டது, ஆனால் சாவி உரிமையாளரிடமிருந்து காவற்காரரிடம் போய்ச் சேர்ந்தது. இது ஆதாயமா இழப்பா என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. எனக்கும் ஐயம் உண்டு.

இனி, முன்பு விட்ட குக்கீச் சீட்டு. 1997-இல் மூடச் சொன்ன கதவைப் பயர்பாக்ஸ் உலாவி 2019-இல், பின்தொடர்வோர் என்று அறியப்பட்டவர்க்கு மூடிற்று. ஆப்பிளின் சபாரி 2020 மார்ச்சில் மூன்றாம் தரப்பார் அனைவர்க்கும் மூடிற்று. விளம்பரத்தால் பெரும்பொருள் ஈட்டும் கூகுள், இரண்டே ஆண்டுகளில் குரோமிலும் மூடுவதாக 2020 ஜனவரியில் அறிவித்தது. பின்னர்த் தள்ளி வைத்தது. மீண்டும் தள்ளி வைத்தது. 2024 ஜூலையில் அத்திட்டத்தைக் கைவிட்டது. குரோமின் அமைப்புகளுள், மூன்றாம் தரப்பு குக்கீகள் என்ற தலைப்பின்கீழ், அக்கதவை உரிமையாளர் தம் கையாலேயே சாத்திக்கொள்ள ஒரு சிறு வட்டம் வைத்திருக்கிறார்கள்.