பூட்டலாம், ஆனால் பொருந்துமா?

இரவில் கந்தளாய்ப் பக்கமிருந்து திருகோணமலைக்கு வந்தவர்களுக்கு இது தெரியும். எதிரே, சீனக்குடாவில் மா ஏற்றிய லொறியோ ஒரு ஓட்டோவோ வரும். வெள்ளை வெளிச்சம் கண்ணுக்குள்ளே அடிக்கும். இரண்டு மூன்று செக்கனுக்கு ரோட்டு ஓரம் தெரியாது. அந்த நேரத்தில் ஓரத்தில் சைக்கிளும் போகலாம், யானையும் நிற்கலாம். "லைட்டைக் குறைக்கிறானில்லை" எண்டு டிரைவரைத்தான் திட்டுவோம். சிலவேளை அவர் குறைத்துத்தான் வைத்திருப்பார். பிரச்சினை, பிறகு வாங்கிப் பூட்டிய எல்.ஈ.டி. பல்ப்.

பெட்டியில் எச்4 என்று போட்டிருக்கும். ஹோல்டரிலும் சரியாக உட்காரும். ஆனால் ஹெட்லைட் என்றால் பல்ப் மட்டும் இல்லை. ஹலோஜன் பல்ப்பின் இழை எந்த இடத்தில் எரியும் என்பதை வைத்துத்தான் ரிஃப்ளெக்டரின் வளைவைக் கணக்குப் போட்டிருப்பார்கள். எல்.ஈ.டி. சில்லு அந்த இடத்தில் இல்லாவிட்டால், ரோட்டில் விழவேண்டிய வெளிச்சம் எதிரே வருபவரின் முகத்தில் விழும்.

அப்படியென்றால் யார் பொறுப்பு? இது பழைய கேள்வி. இன்ன தேவைக்கு என்று சொல்லி, விற்பவரின் அறிவை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்கு உதவவேண்டும் என்று இலங்கையின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் 1896இலேயே சொன்னது. அது கடைக்காரரைப் பிடிக்கும். எங்கேயோ இருக்கிற உற்பத்தியாளரை?

1916இல் நியூயோர்க் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதற்கு ஒரு பதில் சொன்னது. மக்ஃபர்சன் என்பவரின் பியூக் காரில் மரச் சக்கரம் உடைந்து, அவர் தூக்கி எறியப்பட்டுக் காயப்பட்டார். காரை டீலருக்குத்தான் விற்றோம், சக்கரத்தைச் செய்ததும் வேறு கம்பனி என்று பியூக் சொல்லிப் பார்த்தது. நீதிபதி கார்டோசோ விடவில்லை. கவனமில்லாமல் செய்தால் உயிருக்கு ஆபத்தாகிற பொருளைச் சந்தைக்கு அனுப்புகிறவர், அதைப் பாவிப்பவருக்கும் பதில் சொல்லவேண்டும் என்றார்.

ஆனால் சக்கரம் உடைந்தால் அடிபடுவது காரில் இருப்பவர். லைட் பிழைத்தால் வாங்கியவருக்கு ஒன்றும் ஆகாது, அவருக்கு ரோட்டு முன்பைவிட நல்லாத் தெரிகிற மாதிரிக்கூட இருக்கும். கண் கூசுவது எதிரே வருபவருக்கு. அவருக்கோ கடையும் தெரியாது, கம்பனியும் தெரியாது. முறைப்பாடே வராத இடத்தில் வழக்கை நம்பிப் பிரயோசனமில்லை. விற்பதற்கு முன்பே விதி வேண்டும்.

அமெரிக்கா 1940இல் ஒரு விதி போட்டது. எல்லாக் காருக்கும் ஒரே மாதிரி 7 அங்குல வட்ட லைட். பல்ப்பும் ரிஃப்ளெக்டரும் கண்ணாடியும் ஒன்றாக மூடியிருக்கும், பழுதானால் முழுசாக மாற்றவேண்டும். பொருந்துமா என்ற கேள்வியே இல்லை. ஆனால் புது வடிவங்களுக்கும் இடமில்லை. 1983இல்தான் பல்ப்பை மட்டும் மாற்றும் ஹெட்லைட்டை அனுமதித்தார்கள்.

ஜெர்மனி 2020இல் வேறு வழி எடுத்தது. ஒஸ்ராம் கம்பனியின் எல்.ஈ.டி. பல்ப்புக்கு அனுமதி கொடுத்தது, ஆனால் சோதித்துப் பட்டியலில் போட்ட கார் மொடல்களுக்கு மட்டும். பொறுப்பு என்றால் அதுதான். எதற்குப் பொருந்தும் என்பதோடு, எதற்குப் பொருந்தாது என்பதையும் உற்பத்தியாளரே சொல்லவேண்டும்.

ஹெட்லைட்டை முழுசாக மாற்றினாலும் கவனம் தேவை. சீனாவில் வாகனம் வலப்பக்கம் போகும். அந்த ரோட்டுக்குச் செய்த லைட் வலப்பக்கம் உயர்த்தி அடிக்கும். இங்கே அது எதிரே வருபவரின் பக்கம். ஐ.நா. விதிப்படி இடப்பக்கப் போக்குவரத்துக்கு மட்டும் செய்த லைட்டை முன்னால் நின்று பார்த்தால், வலப்பக்கம் காட்டும் ஓர் அம்புக்குறி இருக்கும்.

எங்கட கடைகளில் "எல்லாத்துக்கும் பொருந்தும்" என்று பெட்டி வந்தால், எந்த மொடலில் சோதித்தது என்று கேட்போம். பிழையாக நம்பவைத்து விற்பதற்கு எதிராக 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இருக்கிறது. இறக்குமதியாளரிடம் அந்தப் பட்டியலை அது கேட்கட்டும். இரவு ரோட்டில் எதிரே வருகிற ஆளுக்காகக் கேட்க வேறு யாரும் இல்லை.