காங்நுங்கில் விழுந்த இரண்டு கோல்கள்



போன வாரம் டொராண்டோ பக்கத்திலிருந்து என் பழைய மாணவன் ஒருவன் கூப்பிட்டான். பெயரைப் போட வேண்டாம் என்றான், போடவில்லை. அவன் மகளுக்குப் பதினொரு வயது. ஐஸ் ஹாக்கி ஆடுகிறாளாம். "சார், இவ பெரியவளானதும் இந்தியாவுக்கு ஆட முடியுமா?" என்று கேட்டான். கேட்ட வாயாலேயே, "ஆனா சார், வெளிநாட்டுல வளர்ந்தவங்களைக் கூட்டிட்டு வந்து ஆட வச்சா, அது அந்த நாட்டு அணியா?" என்றும் கேட்டான். முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். இரண்டாவது கேள்விக்குத் தென் கொரியாவின் கதையைச் சொல்லாமல் பதில் சொல்ல முடியாது. போனில் பாதிதான் சொன்னேன். மீதிக்காக இந்தப் பதிவு. நீளமாகத்தான் இருக்கும். வகுப்பில் மணி அடித்த பிறகும் விடாத ஆள்தானே நான்!

இது புதிய வழக்கம் இல்லை. 1936-ல் ஜெர்மனியின் கார்மிஷ்-பார்ட்டென்கிர்சென் நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் ஐஸ் ஹாக்கி தங்கத்தை வென்றது பிரிட்டன். ஆட்டத்தைப் பிறப்பித்த கனடாவையே 2-1 என்று தோற்கடித்தார்கள். எப்படி? அந்த அணியில் பெரும்பாலானவர்கள் பிரிட்டனில் பிறந்து, சிறு வயதிலேயே கனடாவுக்குக் குடிபெயர்ந்து, அங்கே ஆட்டம் கற்றவர்கள். கோல்கீப்பர் ஜிம்மி ஃபாஸ்டர் பிறந்தது கிளாஸ்கோவில், வளர்ந்தது வின்னிபெக்கில். கனடாக்காரர்கள் ஃபாஸ்டரையும் இன்னொருவரையும் ஆட விடக்கூடாது என்று சண்டை போட்டார்கள், பிறகு விட்டுக்கொடுத்தார்கள். ஆக, என் மாணவன் கேட்ட கேள்விக்கு வயது தொண்ணூறு.

இப்போது கொரியாவுக்கு வருகிறேன்.

1982-ல் ஸ்பெயினின் ஹாக்கா நகரில் நடந்த உலகப் போட்டியின் கீழ்ப்பிரிவில் தென் கொரிய ஆண்கள் அணி ஜப்பானிடம் 0-25 என்று தோற்றது. எண்ணை மறுபடி பாருங்கள், அச்சுப்பிழை இல்லை. பெண்கள் கதை இதைவிட மோசம். 2007-ல் ஆசியக் குளிர்கால விளையாட்டில் அதே ஜப்பானிடம் 0-29. ஜப்பான் முன்னாள் ஆட்சியாளன் என்பதால் கொரியர்களுக்கு அந்தத் தோல்வி எப்படி எரிந்திருக்கும் என்பதை வரலாறு படித்த பிள்ளைகளுக்கு விளக்க வேண்டாம்.

2011-ல் டர்பனில் நடந்த கூட்டத்தில் 2018 குளிர்கால ஒலிம்பிக்கை நடத்தும் உரிமை கொரியாவின் பியோங்சாங்குக்குக் கிடைத்தது. கல்யாண வீட்டுக்காரருக்குப் பந்தியில் இடம் உறுதி என்றுதான் நினைப்போம். ஐஸ் ஹாக்கியில் அப்படி இல்லை. நடத்தும் நாட்டுக்கு நேரடி இடம் என்ற வழக்கத்தைச் சர்வதேச சம்மேளனம் 2006-க்குப் பிறகு எடுத்துவிட்டது. கனடாவிடம் இருபது கோல் வாங்கும் அணியை எதற்கு உள்ளே விடுவது என்ற தயக்கம். ஆடத் தகுந்த அணியாக முன்னேறிக் காட்டுங்கள் என்றார்கள். 2014 செப்டம்பரில்தான் இடம் உறுதியானது. அதே வருடம் ஏப்ரலில் சொந்த மண்ணில், கோயாங்கில், ஐந்து ஆட்டத்திலும் தோற்றுக் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியிருந்தது அந்த அணி. கையில் இருந்தது நான்கு ஆண்டுகள்கூட இல்லை.

ஒரு ஐஸ் ஹாக்கி வீரரை உருவாக்க எவ்வளவு காலம் ஆகும்? நாலைந்து வயதில் சறுக்குக் காலணி மாட்ட வேண்டும். பதினைந்து வருடம் போக வேண்டும். விடியற்காலையில் பிள்ளையைப் பனித்தளத்துக்கு இழுத்துக்கொண்டு ஓடும் அப்பா அம்மா வேண்டும். போதாததற்குக் கொரியாவில் ஆண்களுக்குக் கட்டாய ராணுவ சேவை வேறு. காலம் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? விளைந்த நெல்லைத்தான் வாங்குவார்கள்.

அதற்குச் சட்டம் ஏற்கெனவே கதவைத் திறந்து வைத்திருந்தது. கொரியா 2010-ல் தன் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தி, தனித்திறமை உள்ள வெளிநாட்டவர் தங்கள் பழைய குடியுரிமையை விடாமலே கொரியக் குடிமகன் ஆகலாம் என்று அனுமதித்தது. ரத்த வழியை அவ்வளவு பெரிதாக நினைக்கும் நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை. 2013-ல் பிராக் ரடன்ஸ்கி என்ற கனடாக்காரர் அந்த வழியில் வந்த முதல் ஐஸ் ஹாக்கி வீரர் ஆனார். கொரிய ரத்தம் ஒரு சொட்டும் இல்லை. ஆனால் 2008-லிருந்தே ஆன்யாங் ஹல்லா என்ற கொரிய கிளப்புக்கு ஆடிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் வரிசையாக வந்தார்கள். 2018 ஒலிம்பிக் ஆண்கள் அணியின் 25 பேரில் ஏழு பேர் இப்படி வந்தவர்கள். ஆறு பேர் கனடா, ஒருவர் அமெரிக்கா.

இங்கே ஒரு விதியைச் சொல்ல வேண்டும். பாஸ்போர்ட் வாங்கினால் மட்டும் போதாது. புதிய நாட்டின் போட்டிகளில் தொடர்ந்து இரண்டு ஆண்டு ஆடியிருக்க வேண்டும். முன்பே வேறொரு நாட்டுக்கு ஆடியவர் என்றால் நான்கு ஆண்டு. நேற்று விமானம் ஏறி இன்று சட்டை மாட்டுகிற வேலை நடக்காது. கோல்கீப்பர் மாட் டால்டன் 2014-ல் ஹல்லா அணிக்கு வந்தார், 2016-ல் குடியுரிமை பெற்றார். அவருக்கு ஒரு கொரியப் பெயரும் உண்டு: ஹன் ரா-சொங். ஹல்லாவின் கோட்டை என்று பொருள். ஒலிம்பிக் முடிந்து கூட்டம் கலைந்த பிறகும் பல ஆண்டுகள் அதே கிளப்பின் கோல் வாசலில் நின்றார். கூலிக்கு வந்தவர் என்று அவரைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

பயிற்சியாளராக ஜிம் பெக் வந்தார். சியோலில் பிறந்து, ஒரு வயதில் பெற்றோருடன் கனடாவுக்குப் போனவர். கொரியாவில் பிறந்து வட அமெரிக்காவின் பெரிய லீக்கான என்.ஹெச்.எல்.-இல் ஆடிய முதல் ஆள். பிட்ஸ்பர்க் அணியுடன் 1991, 1992 இரண்டு ஆண்டும் ஸ்டான்லி கோப்பை வென்றவர். அவர் வந்த பிறகு அணி ஏறியது. 2016-ல் ஜப்பானை 3-0 என்று வென்றார்கள். அந்த 0-25 நடந்து 34 ஆண்டுகள் கழித்து! 2017 ஏப்ரலில் கீவ் நகரில் உக்ரைனை ஷூட்-அவுட்டில் வென்று, உலகின் முதல் பதினாறு அணிகள் ஆடும் மேல்பிரிவுக்குள் நுழைந்தார்கள். அந்த ஷூட்-அவுட்டில் வெற்றி கோல் போட்டது உள்ளூர்ப் பையன் ஷின் சாங்-ஹூன்.

பெண்கள் அணியின் கதை வேறு மாதிரி. என் மனதில் அதிகம் நிற்பதும் அதுதான். அங்கே வெளியிலிருந்து வந்தவர்கள் பலருக்குக் கொரியா வேரூர்.

மரிஸா பிராண்ட் 1992-ல் கொரியாவில் பிறந்தவர். கைக்குழந்தையாக அமெரிக்காவின் மின்னசோட்டாவுக்குத் தத்துப் போனார். கொரியப் போருக்குப் பிறகு சுமார் 2 லட்சம் குழந்தைகள் அந்த நாட்டிலிருந்து இப்படி வெளியே போயிருக்கிறார்கள். அந்த எண்ணிக்கையில் ஒருத்தி. தத்தெடுத்த தம்பதிக்கு அதன் பிறகு ஒரு மகள் பிறந்தாள், பெயர் ஹன்னா. அக்கா தங்கை இருவரும் ஒன்றாகவே ஐஸ் ஹாக்கி கற்றார்கள். சின்ன வயதில் கொரியப் பண்பாட்டு முகாமுக்கு அனுப்பினால் ஹன்னா ஆசையாகப் போவாளாம், மரிஸாவுக்குப் பிடிக்காதாம். எல்லோரையும்போல் இருக்க வேண்டும், வித்தியாசமாகத் தெரியக்கூடாது என்ற எண்ணம். அந்தப் பெண்தான் வளர்ந்து கொரியக் குடியுரிமையைத் திரும்ப வாங்கி, பிறந்தபோது இருந்த பார்க் யூன்-ஜுங் என்ற பெயரை முதுகில் போட்டு ஆடினார். தங்கை ஹன்னா அதே ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியில். ஒரே வீட்டுப் பெண்கள், இரண்டு நாட்டுச் சட்டை.

இன்னொருவர் ராண்டி ஹீசூ கிரிஃபின். அம்மா கொரியா, அப்பா அமெரிக்கர். ஹார்வர்டில் ஆடியவர், அழைப்பு வந்தபோது டியூக் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆராய்ச்சியில் இருந்தார்.

எல்லாம் கூடிவந்த நேரத்தில், ஒலிம்பிக்குக்கு மூன்று வாரம்கூட இல்லாதபோது, வட கொரியாவிலிருந்து 12 வீராங்கனைகளைச் சேர்த்து ஒன்றுபட்ட அணி ஆடும் என்று அரசுகள் முடிவெடுத்தன. ஒவ்வொரு ஆட்டத்திலும் குறைந்தது மூன்று வட கொரியர்கள் இருக்க வேண்டும். அத்தனை வருடம் உழைத்த தெற்குப் பெண்களில் சிலருக்கு இடம் போகும். இந்த அணி பதக்கம் வாங்கப் போவதில்லையே என்கிற அர்த்தத்தில் தென் கொரியப் பிரதமர் ஏதோ சொல்லப்போய், மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. வேடிக்கை என்னவென்றால், கனடாவில் வளர்ந்தவர்களை அணியில் ஏற்றுக்கொண்ட இளைஞர்கள் பலர், எல்லைக்கு அப்பால் இருக்கும் அதே இனத்துப் பெண்களைச் சேர்த்ததற்குக் கொதித்தார்கள். சட்டைக்கு உரிமை ரத்தத்தில் வருகிறதா, கூடவே வியர்வை சிந்தியதில் வருகிறதா? அந்த இளைஞர்கள் தங்கள் பதிலைச் சொல்லிவிட்டார்கள்.

மொழிச் சிக்கல் வேறு. தெற்கில் ஆட்டச் சொற்கள் எல்லாம் ஆங்கிலம். வடக்கில் எல்லாம் சொந்த மொழி. தெற்குப் பெண் 'பாஸ்' என்பாள். வடக்குப் பெண்ணுக்கு அது 'யொல்லாக்', அதாவது தொடர்பு. பயிற்சியாளர் சாரா முர்ரே கனடாக்காரர். ஆங்கிலம், தெற்குச் சொல், வடக்குச் சொல் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஒரு சிறு அகராதி தயாரித்துக் கொடுத்தார்கள். தமிழாசிரியர்கள் கலைச்சொல் கூட்டத்தில் அடித்துக்கொள்வதைப் பார்த்த எனக்கு இதைப் படித்ததும் சிரிப்பு வந்தது. பிறகு கொஞ்சம் கலங்கவும் செய்தது. 73 வருடப் பிரிவு ஒரு சொல்லை எவ்வளவு தூரம் தள்ளிவிடுகிறது!

முதல் இரண்டு ஆட்டம், சுவிட்சர்லாந்திடம் 0-8, ஸ்வீடனிடம் 0-8. மூன்றாவது ஜப்பான். 2018 பிப்ரவரி 14, கடலோர நகரம் காங்நுங். இரண்டாம் பகுதியில் பார்க் யூன்-ஜுங் தள்ளிவிட்ட வட்டைக் கிரிஃபின் அடித்தார். பெரிய அடி இல்லை. தரையில் தட்டித் தடுமாறி, ஜப்பான் கோல்கீப்பரின் கால்களுக்கு நடுவே மெல்ல ஊர்ந்து உள்ளே போனது. ஒலிம்பிக்கில் கொரியாவின் முதல் ஐஸ் ஹாக்கி கோல். கொடுத்தவர் தத்துப் போய்த் திரும்பியவர். போட்டவர் புலம்பெயர்ந்தவரின் மகள். ஆட்டம் 1-4 என்று தோல்விதான். அரங்கம் வென்றதுபோல் கத்தியது.

மறுநாள், அதே காங்நுங்கில், ஆண்கள் அணி செக் நாட்டுடன் ஆடியது. முதல் பகுதியில் ரடன்ஸ்கி வட்டைக் கொடுக்க, சோ மின்-ஹோ அடித்து கோல். உலகின் பெரிய அணிகளில் ஒன்றை எதிர்த்துக் கொரியா 1-0 என்று முன்னிலை! கடைசியில் 1-2. ஆண்கள் அணியின் முதல் ஒலிம்பிக் கோல் அது. போட்டவர் கொரியாவில் பிறந்து வளர்ந்தவர். கொடுத்தவர் கனடாவில் வளர்ந்தவர். யாருடைய கோல் என்று பிரித்துச் சொல்லுங்கள் பார்க்கலாம். சோ மின்-ஹோ 2022 ஜூனில் நுரையீரல் புற்றுநோயால் இறந்துபோனார். வயது 35.

பின்கதையையும் மறைக்கக் கூடாது. அடுத்த ஆட்டங்களில் 0-8, 0-4, 2-5. அதே ஆண்டு மே மாதம் டென்மார்க்கில் மேல்பிரிவு உலகப் போட்டியில் ஏழு ஆட்டம், ஏழு தோல்வி, மறுபடி கீழே. கொரியாவின் சில கிளப்புகள் மூடப்பட்டன. விளைந்த நெல்லை வாங்கினால் அந்த வருடச் சாப்பாடு நடக்கும், விதைநெல் தனியாக வேண்டும். அது போதிய அளவு இல்லை. ஆனால் ஒன்று நடந்தது. அதுவரை பெண்களுக்கென்று ஒரு தொழில்முறை அணிகூட இல்லாத நாட்டில், 2018 டிசம்பரில் சுவோன் நகராட்சி ஒன்றைத் தொடங்கியது. அந்த மெல்லிய கோல் இல்லாமல் அது வந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் சீனாவும் இதையே செய்தது. எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. இரட்டைக் குடியுரிமையே இல்லாத நாட்டில், சீன வம்சாவளி இல்லாத ஆட்களும் சீனப் பெயரோடு ஆடினார்கள். அவர்களுடைய பாஸ்போர்ட் பற்றிக் கேட்டால் தெளிவான பதில் வரவில்லை. கொரியா வாசல் வழியாக அழைத்தது, ஊரறியச் சட்டம் போட்டு. வித்தியாசம் அதுதான்.

சரி, முதல் கேள்வி. தம்பி, உன் மகளால் இப்போது இந்தியாவுக்கு ஆட முடியாது. இந்தியக் குடிமக்கள் மட்டுமே நாட்டுக்காக ஆடலாம் என்பது 2008-லிருந்து அரசின் கொள்கை. நம் சட்டத்தில் இரட்டைக் குடியுரிமை இல்லை, ஓ.சி.ஐ. அட்டை இதற்கு உதவாது. கால்பந்தில் அராட்டா இசுமி ஜப்பான் குடியுரிமையை விட்டுவிட்டு வந்துதான் இந்தியச் சட்டை போட்டார். நம் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணியில் பெரும்பாலும் லடாக் பிள்ளைகள். குளிர்காலத்தில் உறைந்த குளத்தில் கற்றுக்கொண்டவர்கள். 2025-ல் அமீரகத்தில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கினார்கள். அவர்கள் பெயர்களை உன் மகளுக்குச் சொல்லிக்கொடு.

இன்னொரு வேலையும் இருக்கிறது. கிரிஃபின் அடித்த அந்தக் கறுப்பு ரப்பர் வட்டை டொராண்டோவில் உள்ள ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேமுக்கு அனுப்பிவைத்தார்கள். உன் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம்தானே? விடுமுறை நாளில் அவளைக் கூட்டிக்கொண்டு போ. பார்வைக்கு வைத்திருந்தால், பக்கத்தில் அவளை நிற்க வைத்து ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பு.