வேலைக்கு ஆள் எடுக்கும் மென்பொருளும் அதன் கையேடும்

எந்தக் கருவிக்கும் ஒரு கையேடு உண்டு. ஆள் தேர்வு மென்பொருளின் கையேட்டை முதலில் அலுவலர்கள் படித்தார்கள். பிறகு நிரலர்கள் படித்தார்கள். இப்போது செயற்கை நுண்ணறிவு முகவர்கள் படிக்கின்றன. முகவர் என்பது, சொன்ன வேலையை முடிக்கப் பல மென்பொருள்களைத் தானே இயக்கும் நிரல் ஆகும். அதற்குக் கையேடு எழுதும்போது எவற்றையெல்லாம் விட்டுவிடக் கூடாது என்பதை அறிய, சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

லண்டன் கல்லூரியின் பாடம்

லண்டனில் உள்ள செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனை மருத்துவக் கல்லூரிக்கு ஆண்டுதோறும் சுமார் 2,500 விண்ணப்பங்கள் வந்தன. அவற்றில் நாலில் மூன்று பங்கு, நேர்முகத் தேர்வுக்கு முன்பே கழிக்கப்பட்டுவிடும். இந்த வேலையை எளிதாக்க 1970களின் இறுதியில் கல்லூரியின் துணை முதல்வர் டாக்டர் ஜெஃப்ரி ஃபிராங்லன் ஒரு நிரல் எழுதினார். தேர்வாளர்கள் அதுவரை எப்படி முடிவெடுத்தார்களோ அப்படியே முடிவெடுப்பதுதான் அதன் நோக்கம். சோதனையில் 90 முதல் 95 சதவீதம் வரை அதன் முடிவும் மனிதர் முடிவும் ஒத்துப்போயின. 1982 முதல் முதற்கட்டத் தேர்வு முழுவதும் கணினியிடம் விடப்பட்டது.

1986இல் கல்லூரியைச் சேர்ந்த இருவர் பிரிட்டனின் இன சமத்துவ ஆணையத்திடம் புகார் செய்தார்கள். பெண்களுக்கும், ஐரோப்பியர் அல்லாதவரைப் போன்ற பெயர் கொண்டவர்களுக்கும் நிரல் மதிப்பைக் குறைத்தது என்று 1988இல் ஆணையம் கண்டறிந்தது. இதனால் ஆண்டுக்கு 60 பேர் வரை நேர்முகத் தேர்வு வாய்ப்பை இழந்திருக்கலாம் என்று கணக்கிடப்பட்டது.

இந்தப் பாகுபாட்டைக் கணினி உருவாக்கவில்லை. மனிதர்கள் மனதில் வைத்திருந்ததை நிரல் எண்களாக எழுதியது, அவ்வளவே. ஆனால் எழுதப்பட்டதால்தான் அது சான்றாகவும் ஆயிற்று. ஒரு தேர்வாளரின் மனதைத் திறந்து பார்க்க முடியாது. நிரலைத் திறந்து பார்க்க முடிந்தது.

எழுதப்படாத விதி

அடுத்த பாடம் அமேசான் நிறுவனத்தில் கிடைத்தது. 2014இல் தொடங்கிய ஒரு குழு, பத்தாண்டு கால விண்ணப்பங்களைக் கொண்டு ஒரு மென்பொருளைப் பயிற்றுவித்தது. அது விண்ணப்பதாரர்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரங்கள் கொடுத்தது. பழைய விண்ணப்பங்களில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. ஆகவே, பெண்களைக் குறிக்கும் சொல் இருந்த விண்ணப்பங்களைக் கருவி தாழ்த்தியது. இந்தத் திட்டம் கைவிடப்பட்ட செய்தியை 2018 அக்டோபரில் ராய்ட்டர்ஸ் வெளியிட்டது. இங்கே அந்த விதியை எந்த மனிதரும் எழுதவில்லை. தரவிலிருந்து கருவி தானே கற்றுக்கொண்டது. ஆகவே எந்தப் பக்கத்திலும் அதைப் படித்துக் கண்டுபிடிக்க வழியில்லை.

நிரலருக்கு எழுதிய காலம்

இதற்கிடையே மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கின. விண்ணப்பத் தகவல்களை ஒரே வடிவில் பரிமாறிக்கொள்ள 1999இல் ஹெச்ஆர்-எக்ஸ்எம்எல் கூட்டமைப்பு உருவானது. 2011இல் வந்த ஸ்வாக்கர், பின்னாளில் ஓப்பன்ஏபிஐ என்று பெயர் மாறி, இத்தகைய ஆவணங்களுக்குப் பொதுவான வடிவம் தந்தது. எந்தக் கட்டளைக்கு எந்த உள்ளீடு வேண்டும் என்பதை இவை தெளிவாகச் சொல்லின. ஏன், எப்போது என்பவற்றை நிரலரின் புரிதலுக்கு விட்டுவிட்டன. புரியாவிட்டால் நிரலர் தொலைபேசியில் கேட்டுக்கொள்வார்.

முகவருக்கு எழுதும் காலம்

2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் எம்சிபி என்ற நெறிமுறையை வெளியிட்டது. இதில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், சாதாரண மொழியில் ஒரு விளக்கம், உள்ளீடுகளின் பட்டியல் ஆகியவை தரப்படுகின்றன. எந்தக் கருவியை எப்போது அழைப்பது என்பதை அந்த விளக்கத்தைப் படித்தே முகவர் முடிவு செய்கிறது. ஆக, விளக்கமே கருவியின் ஓர் உறுப்பாகிவிட்டது.

ஓர் எடுத்துக்காட்டு: "விண்ணப்பதாரரின் நிலையை மாற்றும்" என்று மட்டும் ஒரு விளக்கம் இருப்பதாகக் கொள்வோம். நிலையை "நிராகரிப்பு" என்று மாற்றியதும் அவருக்கு மின்னஞ்சல் போய்விடும் என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். முகவருக்குத் தெரியாது. பட்டியலை ஒழுங்குபடுத்தச் சொன்னால் அது நூறு பேருக்கு நிராகரிப்புக் கடிதம் அனுப்பிவிடக்கூடும். மின்னஞ்சல் போகும், திரும்பப் பெற முடியாது, ஒரு மனிதரின் ஒப்புதல் தேவை என்ற மூன்று செய்திகளும் எழுத்தில் இருக்க வேண்டும். மதிப்பெண் தரும் கருவியானால், அந்த எண் எதை வைத்துக் கணக்கிடப்பட்டது, எதற்குப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் எழுத வேண்டும். எழுதினால் மட்டும் போதாது. ஒப்புதல் இல்லாமல் கடிதம் போகாதபடி மென்பொருளிலேயே தடை இருப்பதும் அவசியம்.

சட்டமும் இந்தத் திசையில் நகர்ந்திருக்கிறது. 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், ஆள் தேர்வுக் கருவிகளை அதிக ஆபத்துள்ளவை என்று வகைப்படுத்துகிறது. அவற்றுக்குத் தொழில்நுட்ப ஆவணமும் பயன்பாட்டு வழிமுறையும் கட்டாயம் என்கிறது.

செயின்ட் ஜார்ஜில் தவறு எழுத்தில் இருந்ததால் பிடிபட்டது, ஆனால் பல ஆண்டுகள் கழித்து. ஆணையம் வந்து படிக்கும் வரை காத்திருக்காமல், கையேடு எழுதும் அன்றே அந்தக் கேள்விகளைக் கேட்பது, பெயர் தெரியாத அந்த 60 பேருக்கு நாம் பட்டிருக்கும் கடன் எனலாம்.