கடல்கட்டி

தூத்துக்குடியில் பனிமய மாதா கோயில் மணிச்சத்தம் கேட்டு வளர்ந்த எனக்குச் சின்ன வயதில் சங்கடம் தந்த சங்கதி ஒன்று உண்டு. எங்கள் முன்னோர் முத்துக் குளிக்கப் போகும்போது மாதாவை மட்டும் நம்பிப் போகவில்லை. கூடவே ஒரு மந்திரக்காரரையும் நம்பினார்கள். சுறாவின் வாயைக் கட்டும் அவருக்குக் கடல்கட்டி என்று பெயர். மறைக்கல்வி வகுப்பில் வேறு தெய்வம் கூடாது என்னும் முதல் கட்டளையை ஒப்பித்துவிட்டு வந்தவனுக்கு இது எப்படிச் செரிக்கும்?

கடல்கட்டி எங்கள் வேதத்தைவிட மூத்தவர். எங்கள் பரவர் சமூகம் ஞானஸ்நானம் பெற்றது 1530களில். வேதம் போதிக்கப் புனித சவேரியார் வந்தது 1542இல். அதற்கு இரண்டரை நூற்றாண்டு முன்பே இந்தக் கடலைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, மீனைக் கட்டுகிறவர்களைக் குறிப்பிடுகிறார். எடுக்கிற முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு, இருபதில் ஒரு பங்கு இவர்களுக்கு. கட்டு பகலுக்கு மட்டும்தான்; இரவானால் அவிழ்த்துவிடுவார்களாம். திருட்டுக் குளிப்பைத் தடுக்க இதைவிட மலிவான காவல் ஏது!

குளிப்பு என்றால் என்ன என்று தெரிந்தால்தான் அந்தப் பயம் புரியும். கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, எட்டுப் பத்துப் பாகம் ஆழத்துக்கு இறங்க வேண்டும். மூச்சு ஒரு நிமிடம், மிஞ்சினால் இன்னும் கொஞ்சம். அதற்குள் கைக்கு அகப்பட்ட சிப்பியை வலைப்பையில் அள்ளிவிட்டுக் கயிற்றை அசைக்க வேண்டும். மேலே இழுப்பவன் மச்சானாக இருப்பான் என்று ஊரில் சொல்வார்கள். அக்காளின் தாலி தன் கையில் இருக்கும்போது எவன் கண்ணயர்வான்? மாதா, மந்திரம், மச்சான் என்று மூன்று இடத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டுதான் மனுஷன் இறங்கியிருக்கிறான். இதைப் போலி பக்தி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கரையில் நின்று பிரசங்கம் செய்தவர்கள் யாரும் கல்லில் கால் வைத்ததில்லை.

எனக்குப் பிடித்தது வெள்ளைக்காரர் இதில் மாட்டிக்கொண்ட விதம். இலங்கையில் காலனிச் செயலாளராக இருந்த எமர்சன் டென்னன்ட், மன்னார்ப் பக்கம் அரிப்பில் ஒரே குடும்பம் பரம்பரையாக இந்த வேலையைப் பார்த்ததை எழுதியிருக்கிறார். கடல்கட்டி இல்லாமல் எவ்வளவு பணம் கொடுத்தாலும் குளியாளிகள் இறங்க மாட்டார்கள். எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு என்பது அங்கே பின்னாளில் நடந்த கணக்கு. ஆள் இறங்காவிட்டால் அந்த வருமானம் எங்கே? மூடநம்பிக்கை என்று சிரித்துக்கொண்டே கடல்கட்டிக்கு அரசாங்கச் செலவில் கூலி எழுதினார்கள்.

சுறா கடித்துச் செத்தவர்கள் உண்மையில் வெகு குறைவு. நூற்றுக்கணக்கான படகும் ஆயிரக்கணக்கான ஆளும் கல்லும் சிப்பி விளையும் ஒரே பாரில் விழும் இரைச்சலில் சுறா விலகிப் போய்விடும் என்பது அதிகாரிகள் தந்த விளக்கம். இருக்கலாம். ஆனால் அந்த இரைச்சல் உண்டாக, முதல் ஆள் குதித்தாக வேண்டுமே. அவனைக் குதிக்க வைத்தவர் கடல்கட்டிதான். செவிப்பறை கிழிந்ததற்கும் மூக்கில் ரத்தம் வந்ததற்கும் அவரிடம் மந்திரம் இருந்ததாக நான் படித்ததில்லை.

1905இல் இலங்கையின் மறிச்சுக்கட்டியில் எட்டுக் கோடிச் சிப்பிக்கு மேல் எடுத்தார்கள். அடுத்த சில வருஷத்திலேயே அங்கே பார் வறண்டது. தூத்துக்குடியில் 1955இல் தொடங்கிய வரிசை 1961இல் நின்றது. பிறகு குளிப்பு இல்லை, கடல்கட்டிக்கும் வேலை இல்லை.

சங்கு குளிப்பு மட்டும் நடக்கிறது. கல்லுக்குப் பதில் இப்போது கம்ப்ரசரும் காற்றுக்குழாயும். ஆழத்தில் அதிக நேரம் இருந்துவிட்டு அவசரமாக மேலேறினால் கைகால் முடங்கிப் போகும்; இன்றைய பயம் அதுதான். ஆகஸ்ட் 5 மாதா திருவிழாவுக்குச் சங்கு குளிப்பவர்களும் வருகிறார்கள். கம்ப்ரசரை ஓட்டுபவன் யார் என்பதையும் பார்த்துத்தான் கடலில் இறங்குகிறார்கள்.